சக்காலா மாட்டிய ஆல்டர்னேட்டர்

பானா சோலா பட்டறைக்குப் போனால் காரை மட்டும் விட்டுவிட்டு வரமாட்டாள். தானும் கூடவே உட்கார்ந்துவிடுவாள். ஒரு மடக்கு நாற்காலி, குடிக்க ஒரு புட்டி முன்கோயோ, கைப்பையில் சிவப்பு நகப்பூச்சு. பானட்டைத் தூக்கி நிறுத்தியதும் முதல் வேலை அவளுடையதுதான். பேட்டரியின் தலையில் ஒரு பொட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஒரு பொட்டு, கார்புரேட்டரில் ஒரு பொட்டு. வைத்து, ஊதிக் காயவைத்து, பிறகுதான் ஸ்பானரைத் தொட விடுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஊரின் மறுகோடியில் ஒரு மெக்கானிக் புத்தம் புது பெட்ரோல் பம்பைக் கழற்றிக்கொண்டு, அந்த இடத்தில் யாரோ தூக்கி எறிந்ததைத் துடைத்து மாட்டி அனுப்பியிருந்தான். வண்டி வீடு வந்து சேர்ந்தது, மறுநாள் சந்தைக்கு நடுவில் நின்றது. கேட்கப் போனால் அவன் தன் மூன்று பிள்ளைகள் மேலும் சத்தியம் செய்தான். அன்றிலிருந்து அவளுக்குச் சத்தியத்தில் நம்பிக்கை போய், நகப்பூச்சில் நம்பிக்கை வந்தது.

அவளுடைய சொந்தப் பெயர் புப்பே. மூத்த மகள் சோலா பிறந்த நாளிலிருந்து சுரங்க நகரமான கிட்வேயில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சோலாவின் அம்மா, பானா சோலா, அவ்வளவுதான். கணவன் சுரங்கத்தில் வேலை பார்த்தான். அவள் தொழில் கிச்சன் பார்ட்டிகளுக்குப் பாட்டு வைப்பது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் மட்டும் ஒரு வீட்டு முற்றத்தில் கூடி, மணப்பெண்ணுக்குச் சட்டி பானையும் புத்திமதியும் கொடுத்து, ஆடித் தீர்க்கிற விருந்து அது. ஆண்பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. பாட்டுப் போட வருகிறவனும் ஆணாக இருந்தால் பெரியம்மாக்கள் ஆட்டத்தில் பாதியை ஆடமாட்டார்கள். பானா சோலாவுக்குப் பிழைப்பு அமைந்தது அப்படித்தான்.

ஆனால் ஊரில் எந்நேரமும் மின்வெட்டு. ஆகவே ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர், வண்ண விளக்கு, குளிர்பானப் பெட்டி எல்லாமே அவளுடைய காரிலிருந்துதான் ஓடியாக வேண்டும். கார் ஒரு பழைய பெஜோ 504 ஸ்டேஷன் வேகன். அதன் சொந்த எஞ்சின் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. ஜப்பான் மினிபஸ் ஒன்றின் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்திருந்தார்கள். வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் அந்த எஞ்சினோடு வந்த, மின்சாரம் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர், வண்டியின் சொந்த விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டுமே போதுமான சின்ன உருப்படி. போன விருந்தில் மணப்பெண்ணைத் துணி போர்த்தி அழைத்து வருகிற நேரம் பார்த்துப் பாட்டு இழுத்து, குரல் கட்டி, நின்றுவிட்டது. பெண்கள் மத்தளத்தை எடுத்து ஒப்பேற்றினார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளைச் சுட்டது.

அதற்குப் பிறகு சக்காலாவிடம் போனாள்.

சக்காலாவின் பட்டறை புச்சிப் பேட்டையில் ஒரு மாமரத்தடி. அவன் கிழக்கிலிருந்து வந்த ங்கோனிக்காரன், இவள் பெம்பா. இந்த இரண்டு சனமும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்தவர்கள். பிறகு சமாதானமாகி, ஒருவரை ஒருவர் என்ன கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முறை வைத்துக்கொண்டவர்கள். மாமன் மகன், அத்தை மகள் கேலி மாதிரி; ங்கோனி என்றால் எலி தின்னி, பெம்பா என்றால் குரங்கு தின்னி. அந்த உறவுக்காரரைச் சிம்புயா என்பார்கள். சாவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகூடச் சிம்புயா கிண்டல் செய்வான். துக்கக்காரர் கோபித்தால் துக்கக்காரர் மேல்தான் தப்பு.

சக்காலா பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“ஒடம்பு பிரெஞ்சு, எஞ்சின் ஜப்பான், ஓனர் பெம்பா. எப்படி ஒத்துப்போகும் சிம்புயா?”

“வைத்தியம் பாக்குறவன் எலி தின்னி. அதான் இன்னும் சீக்கு தீரல.”

“எலி சுத்தமான தானியம் தின்னு வளருது. உங்க சனம் மரத்துக்கு மரம் கொரங்கைத் தொரத்திக்கிட்டு ஓடுதே, அது எதைத் தின்னுதுன்னு யாருக்குத் தெரியும்.” கையைத் துடைத்தான். “இந்த ஆல்டர்னேட்டரு கொழந்தைக்கு மருந்து ஊட்டுற கரண்டி. நீ அதை வச்சுக்கிட்டுக் கல்யாணப் பந்தி பரிமாறுறே. பெருசா ஒண்ணு போடணும். நான் வாங்கியாரட்டுமா?”

“நான் வாங்கிக்கறேன்.”

“நான் வாங்குனா நடுவுல தின்னுருவேன்னு பயமா?”

“பயம் இல்ல. தெரியும்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு உதட்டோடு நின்றது. இந்த ஆளிடம் இதுதான் சங்கடம். மற்றவன் திருடினால் மறைப்பான். இவன் ‘திருடுவேன்’ என்று வாய் நிறையச் சொல்வான். முறைக்காரன் சொல்கிற பேச்சு, கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டே நிஜமாகத் திருடினால் யாரிடம் போய் முறையிடுவது?

இதை அவள் கணவனிடம் சொன்னபோது அவன் சோற்றுக் கையோடு, “அவ்வளவு சந்தேகம்னா வேற ஆள்கிட்டப் போயேன்” என்றான்.

“வேற ஆளும் திருடன்தான். இவனாவது சொல்லிட்டுத் திருடுறான்.”

பழைய உதிரி பாகக் கடைகளில் அலைந்து, பெரிய டீசல் ஜீப் ஒன்றிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டரை அவளே தேடி எடுத்தாள். கைக்குழந்தை கனம் இருந்தது. கடைக்காரன் அதைச் சுழற்றிக் காட்டி, பல்பு எரிய வைத்துக் காட்டினான். வாங்கிய இடத்திலேயே முதுகு மூடியின் விளிம்பில், வயர் முனைகளுக்கு எதிர்ப்புறம், யார் கண்ணுக்கும் தப்பாத மாதிரி பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை.

வேலை நடந்த நாள் காலையிலிருந்து நாற்காலியில் இருந்தாள். சக்காலா பழையதைக் கழற்றினான். பெரியதைத் தூக்கி வைத்துப் பார்த்தான், உட்காரவில்லை. பட்டை இரும்பை வெட்டி, துளை போட்டு, தாங்கு கால் ஒன்று செய்தான். மறுபடி வைத்தான், மறுபடி எடுத்தான். எஞ்சின் இந்தக் காருக்கென்று பிறந்தது இல்லையே. எதை எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று இடித்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது அவளுக்குப் போன் வந்தது. சனிக்கிழமை விருந்து வைக்கிற வீட்டார், ரிவர்சைடில். காரை எங்கே நிறுத்துவது, பந்தல் எங்கே போடுவது என்று இப்போதே வந்து காட்டினால்தான் பந்தல்காரன் கம்பு நடுவான் என்றார்கள்.

அவள் நாற்காலியைப் பார்த்தாள், சக்காலாவைப் பார்த்தாள்.

“போயிட்டு வா,” என்றான் அவன். “நீ வர்றதுக்குள்ள எஞ்சினை வித்து ஊருக்குப் பணம் அனுப்பிடுறேன்.”

போனாள். வழியெல்லாம் மனசு மாமரத்தடியிலேயே நின்றது. பந்தல்காரனிடம் சரியாகக்கூடப் பேசவில்லை. ‘அங்க, அங்க’ என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த மினிபஸ்ஸில் தொற்றித் திரும்பிவிட்டாள்.

வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. ஆல்டர்னேட்டர் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது, பெல்ட் இறுக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. சக்காலா ஒரு மீட்டரைப் பேட்டரியில் வைத்து, “பாரு, முள்ளு எங்க நிக்குதுன்னு பாரு” என்று பெருமையடித்தான்.

அவள் மீட்டரைப் பார்க்கவில்லை. பொட்டைத் தேடினாள். முதுகுப்புறம் குனிந்து பார்த்தாள். பொட்டு இல்லை. வெறும் சாம்பல் நிற அலுமினியம். வயர் மாட்டுகிற முனைகள்கூட அவள் வாங்கியபோது இருந்த பக்கத்தில் இல்லை, வேறு பக்கம் இருந்தன.

“இது நான் வாங்குனதுதானா?”

“சீச்சீ. அதை வித்து எலிக்கறி வாங்கித் தின்னுட்டேன். இது வேற.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். கோபித்தால் முறை தெரியாதவள் என்று பேராகும். வேறு எதையோ கேட்டாள்.

“பழசு எங்க?”

“செத்துப்போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.” அதைச் சொல்லும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, “இன்னொண்ணு” என்று, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகிற வயரை விரலால் சுண்டினான். “இது பழைய பிரெஞ்சு வயரு. நூலு மாதிரி இருக்கு. இவ்வளவு கரண்ட்டு இதுல போனா உருகிடும். கட்டை விரல் தடிமன்ல கேபிள் வேணும். வாங்கிக் குடு, நாளைக்கே மாட்டிடுறேன்.”

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. நல்லதை எடுத்துக்கொண்டு சொத்தையை மாட்டிவிட்டான். சனிக்கிழமை அது படுத்துவிட்டால் சொல்வதற்கு இன்றே ஒரு சாக்குப் போட்டு வைக்கிறான். ‘நான்தான் சொன்னேனே, வயரு சரியில்லைன்னு.’ கேபிள் வாங்கிக் கொடுத்தால் அதிலும் பாதி அவனுக்கு.

“இத்தனை வருஷம் ஓடுன வயரு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.”

“சிம்புயா, நான் கேலிக்குச் சொல்லல.”

“நீ எப்ப கேலிக்குச் சொல்றே, எப்ப நெசமாச் சொல்றேன்னு யாரு கண்டா.”

அவன் தோளைக் குலுக்கினான். “உன் காரு. சத்தத்தைப் பாதிக்கு மேல வைக்காதே, அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.”

வெள்ளிக்கிழமை அவள் கடைத்தெருவில் வேறொரு எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டினாள். அவன் பானட்டுக்குள் பார்த்து, பெருமூச்சு விட்டு, “இதைப் போட்டது யாரு?” என்று கேட்டான். யார் வேலையைப் பார்த்தாலும் அப்படிப் பெருமூச்சு விடுகிற ஆள் போலிருந்தது. கழற்றிப் பார்த்தால்தான் சொல்லமுடியும், வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போ என்றான். இரண்டு நாள். அவள் பானட்டை அவன் கைமேல் படாத குறையாகச் சாத்திவிட்டு வந்தாள். வீட்டில் டார்ச் அடித்துத் தானே தேடினாள். ஒரு பக்கம் எஞ்சின் சுவர், ஒரு பக்கம் ஸ்டியரிங் கம்பி. நடுவில் தலை நுழையவில்லை. தெரிகிற பக்கமெல்லாம் பொட்டு இல்லை என்பது மட்டும் உறுதியானது.

சனிக்கிழமை மதியம் ரிவர்சைடு வீட்டு முற்றம் பெண்களால் நிறைந்திருந்தது. பந்தலுக்குப் பின்னால் கார் நின்றது. பாட்டை மாற்றுகிற வேலை அவளுடைய தோழி முபாங்காவுக்கு. பானா சோலா டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். விளக்கெல்லாம் எரிந்தது, பெட்டியில் பானங்கள் சில்லிட்டன, பாட்டு சுத்தமாக வந்தது. பெரியம்மாக்கள் இடுப்பை அசைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. சொத்தை சாமான் இவ்வளவு நேரம் தாங்குமா?

அப்போதுதான் வாசல் கம்பிகளுக்கு வெளியே, சாலையின் மறுபுறம், ஜக்கரண்டா மரத்தடியில் சக்காலாவின் பச்சை பிக்கப்பைப் பார்த்தாள். அவன் உள்ளேயே உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது யாரு, அக்கா?” என்றாள் முபாங்கா.

“திருடன்.”

வாசலுக்குப் போனாள். “இங்க உனக்கு என்ன வேலை?”

“சும்மாத்தான். கோழி வாசனை வந்துச்சு.” ஆனால் அவன் கண் அவள் முகத்தில் இல்லை. தோளுக்கு மேல், காரைப் பார்த்தது. “சத்தம் அதிகமா இருக்கே. கொஞ்சம் கொறையேன்.”

“ஏன், உன் குட்டு வெளிப்பட்டுடும்னா?”

“என்ன குட்டு?”

“ஆம்பளைங்களுக்கு இங்க இடமில்ல. கெளம்பு.”

“நான் உள்ள வரலியே. ரோடு ங்கோனிக்காரனுக்கும் சேர்த்துப் போட்டதுதான்.”

அவள் திரும்பி நடந்தாள். முதுகில் அவன் பார்வை ஒட்டியிருப்பது போலிருந்தது. எதற்காக வந்திருப்பான்? விருந்து முடிந்து வண்டி படுத்தால் தானே வந்து ‘உதவி’ செய்கிறேன் என்று, போட்ட சொத்தையையும் கழற்றிக்கொண்டு போகவா? இல்லை, உள்ளே இருக்கும் பாத்திரம் பண்டங்களையும் இப்போதே எடைபோட்டுக்கொண்டிருக்கிறானா? கோபம் அவளை நிதானமாக இருக்கவிடவில்லை. நேராக ஆம்ப்ளிஃபயரிடம் போனாள், முபாங்காவின் கையை விலக்கிவிட்டுக் குமிழை வலதுகோடிக்குத் திருப்பினாள். மணப்பெண்ணை அழைத்துவரத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குலவையிட்டது. தரை அதிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் முபாங்கா மூக்கைச் சுளித்தாள். “அடுப்புல ஏதோ தீயுது.”

அடுப்பு அந்தப் பக்கம் இருந்தது. வாசனை இந்தப் பக்கம். பானட் இடுக்கிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை கசிந்தது.

பானா சோலா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். பானட்டைத் தூக்கினாள். பழைய வயரின் உறை உருகி, சொட்டுச் சொட்டாகத் தாங்கு கால் மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே செம்பு பழுப்பேறிப் புகைந்தது. வாசலில் சக்காலா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “பேட்டரி மைனஸைக் கழட்டு! மொதல்ல மைனஸ்!”

ஸ்பானர் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். கழற்றும்போது புறங்கையில் ஒரு சொட்டு பிளாஸ்டிக் விழுந்து ஒட்டியது. வலி பிறகுதான் உறைத்தது. முபாங்கா ஈரத்துணியை அள்ளி வயர் மேல் போட்டாள். புகை அடங்கியது. பாட்டும் அடங்கியது. முற்றமே திரும்பி அவளைப் பார்த்தது.

வாசலில் சக்காலாவுக்கும் காவலுக்கு நின்ற பெண்களுக்கும் வாக்குவாதம்.

“மெக்கானிக்குமா நான். வண்டி எரியுது.”

“எரிஞ்சது அணைஞ்சிடுச்சு. ஆம்பளை உள்ள வரக் கூடாது.”

“அப்ப பாட்டு?”

மணப்பெண்ணுக்குப் புத்தி சொல்ல வந்திருந்த பெரியம்மா, அந்த முற்றத்துக்கே அதிகாரி, எழுந்து வந்தாள். கனத்த உடம்பு, மெதுவான நடை. “நீ எந்த ஊரு?”

“கெழக்கே, சிப்பாட்டாப் பக்கம்.”

“ங்கோனியா?” பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. “அட, நம்ம முறைக்காரன். முறைக்காரனை ஆம்பளைன்னு யாரு சொன்னா?” தன் இடுப்பில் மேலாகக் கட்டியிருந்த சித்தெங்கே துணியை அவிழ்த்து வீசினாள். “இடுப்புல கட்டு. தலைக்கும் ஒண்ணு குடுங்கடி. பொண்ணா உள்ள வரட்டும்.”

கட்டிவிட்டார்கள். தாடியோடும் பாவாடையோடும் சக்காலா உள்ளே நடந்து வந்தபோது முற்றம் சிரித்துச் சரிந்தது. ‘மீசை வச்ச மருமவ’, ‘எலி பிடிக்கத் தெரிஞ்ச பொண்ணு, வீட்டுக்கு நல்லது’ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் எல்லாருக்கும் மண்டியிட்டுக் கும்பிடு போட்டான். ஆனால் பானட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கேலி முகம் மாறியது. தோளில் ஜம்ப்பர் கேபிள் சுருள் ஒன்று தொங்கியது. அதன் கவ்விகளை வெட்டி எறிந்தான், முனைகளைச் சீவினான்.

பானா சோலா அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கேபிளோட வந்திருக்கே. அப்ப எரியும்னு தெரிஞ்சுதான் வந்திருக்கே.”

“தெரிஞ்சுதான் அன்னிக்கே சொன்னேன். நீ கேட்டியா?”

“எரிஞ்சதுக்குக் காரணம் வயரு இல்ல. நீ மாத்தி வச்ச சாமான்.”

அவன் கை நின்றது. “என்ன சொன்னே?”

“நான் வாங்குன ஆல்டர்னேட்டரை எடுத்துக்கிட்டு வேற வச்சிருக்கே. என் பொட்டு எங்க?”

சுற்றி நின்ற பெண்கள் கேலி இன்னும் நடக்கிறது என்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “யாராவது ஒரு கண்ணாடி குடுங்க” என்றான். ஒருத்தி கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தாள். அதை எஞ்சின் சுவருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவில் கஷ்டப்பட்டு நுழைத்து, சாய்த்துப் பிடித்தான்.

“பாரு.”

கண்ணாடிக்குள் இருட்டில் ஒரு சிவப்புப் பொட்டு. பெரிதாக, மூடியின் விளிம்பில்.

“வயரு மாட்டுற முனை ஸ்டியரிங் கம்பியில இடிச்சுது,” என்றான் அவன், தணிந்த குரலில். “நாலு போல்ட்டைக் கழட்டி, முதுகு மூடியை மட்டும் சுத்தித் திருப்பி வச்சு முடுக்குனேன். உன் பொட்டு சுவத்துப் பக்கம் போயிடுச்சு.”

“இதை அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே.”

“நீ நெசமாக் கேக்குறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ கேட்டே, நான் எலிக்கறின்னேன். நாம அப்படித்தானே பேசிக்குவோம்.” குனிந்து வேலையைத் தொடர்ந்தான். “நெசமாவே திருடன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளும் சிரிச்சியா சிம்புயா?”

புறங்கை இப்போது நன்றாக எரிந்தது. மன்னிப்பு என்று ஆரம்பித்தால் முற்றம் முழுக்கக் கேட்கும், முறையும் கெடும். அவன் கேட்காமலேயே ஸ்பானரை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அடுத்த அளவை நீட்டினாள்.

எஞ்சின் திரும்ப ஓடியது. அவன் கேபிளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, அவளையும் வைக்கச் சொன்னான். வெதுவெதுப்புக்கூட இல்லை. பாட்டு கிளம்பியது, பெரியம்மா கையைத் தூக்கினாள், துணி போர்த்திய மணப்பெண்ணை வழக்கப்படி தவழவிட்டு, தரையோடு தரையாக அழைத்து வந்தார்கள். பானா சோலா குமிழைத் தானே திருப்பினாள், முழுக்க. பாட்டு கடைசிவரை நிற்கவில்லை. சக்காலாவைச் சும்மா விடுவார்களா? கட்டிய துணியோடு ஒரு பாட்டுக்கு ஆட வைத்துத்தான் வெளியே தள்ளினார்கள். இடுப்பு அவனுக்கு நன்றாகவே வளைந்தது.

வெயில் சாய்ந்தபோது அவள் ஒரு தட்டில் ன்ஷிமாக் களியும் கோழியும் கீரையும் வைத்து வாசலுக்கு எடுத்துப் போனாள். அவன் பிக்கப்பில் சாய்ந்து நின்று சாப்பிட்டான். அவள் தட்டு காலியாகும்வரை நின்றாள்.

“நீ எதுக்கு வந்தே? சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டு.”

“வண்டி எரிஞ்சா ‘சக்காலா எரிச்சான்’னு ஊரு சொல்லும். அதுக்கப்புறம் எந்தப் பொம்பளை எனக்கு வண்டி குடுப்பா?” எலும்பைக் கடித்தான். “அப்புறம், நீ பாதிக்கு மேல வைப்பேன்னு எனக்குத் தெரியும்.”

தட்டைக் கொடுத்துவிட்டு ஏறி சாவியைத் திருப்பினான். பிக்கப் முனகியது, கிளம்பவில்லை. இறங்கி பானட்டைத் திறந்தான். வழக்கமாக ஜம்ப்பர் கேபிளால் யாராவது வண்டியிலிருந்து உயிர் கடன் வாங்குவான். அந்தக் கேபிள் இப்போது பெஜோவுக்குள் இருந்தது.

அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். பழக்க தோஷம். பார்த்தவள் அப்படியே நின்றாள். உள்ளே ஒரு சின்ன ஆல்டர்னேட்டர். அதன் ஓரத்தில், முன்பு எப்போதோ அவள் கணவன் சுரங்கப் பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்து வாங்கிவந்த, போல்ட் மாட்டுகிற கோணல் காது.

“அது என்னுது.”

சக்காலா சாலையின் அந்தக் கோடியைப் பார்த்தான்.

“செத்துப்போச்சு, தூக்கிப் போட்டேன்னு சொன்னே.”

“செத்துத்தான் போயிருந்துச்சு. பிரஷ் மாத்திப் பொழைக்க வச்சேன். தூக்கிப் போட்டது நெசம். இதுக்குள்ள போட்டேன்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். வெட்கம் இருக்கிறதா என்று தேடினாள். கொஞ்சம் இருந்தது, நிறைய இல்லை. கண்ணாடிக்குள் தெரிந்த பொட்டுக்கும் இந்தக் கோணல் காதுக்கும் நடுவில் இவனை எங்கே வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

“வேற என்னுது என்னென்ன உன்கிட்ட இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“நகரு.”

அவனை ஒதுக்கிவிட்டு பானட்டுக்குள் குனிந்து, மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். ரேடியேட்டர் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “சரி, அதை வச்சுக்கோ. நீ எனக்குக் கேபிள் குடுத்தே” என்றாள்.

“அந்தக் கேபிளு அளவு பத்தாது, தற்காலிகம்தான். திங்கக்கெழம சரியான கேபிளோட வா.”

“நானே வாங்கிட்டு வர்றேன்.”

“தெரியும்.”

முபாங்காவையும் இன்னும் சில பெண்களையும் கூப்பிட்டாள். பாட்டுப் பாடிக்கொண்டே பிக்கப்பைத் தள்ளினார்கள். சரிவில் அது இருமி, பிடித்துக்கொண்டு ஓடியது. சக்காலா ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே திருப்பத்தில் மறைந்தான்.

வாசலில் நின்ற பெரியம்மா தன் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். “என் துணி?”

எல்லாரும் சாலையைப் பார்த்தார்கள்.

“நான் வாங்கிட்டு வர்றேன் பெரியம்மா,” என்றாள் பானா சோலா.

திங்கட்கிழமை அவள் கேபிளோடு புச்சிக்குப் போனபோது மாமரத்தடிக் கொடியில் அந்தத் துணி துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. சக்காலா யாருடைய வண்டிக்கடியிலோ படுத்திருந்தான், அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. அவள் துணியை எடுத்து, இரண்டு ஓரத்தையும் விரித்து, பூ வேலைப்பாட்டையும் தையலையும் நிதானமாகப் பார்த்தாள். அதே துணிதான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.